விண்டோஸ் 10இலேயே இருப்பதா, 11க்கு மாறுவதா? ஒரே வீட்டில் இரண்டு கணினிகள்

மயிலாடுதுறைக்காரன் | 18 ஜனவரி 2026

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது. இவற்றை விண்டோஸ் 11க்கு மாற்ற வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா என்று முடிவு செய்ய முடியாமல் மூன்று மாதங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது, 2016இல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ5 ஆறாம் தலைமுறை, மாதிரி எண் 6400, 8 ஜிபி ராம், 1 டிபி வன்தட்டு. இதைப் பெரும்பாலும் பயன்படுத்துபவர் என் தந்தை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவர், கோயில் திருவிழா மலர், ஓய்வூதியர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் என்று ஏதாவது ஒன்றைப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக் கோப்புகள் அதில் உள்ளன. பிரிண்டரும் அதனுடன்தான் இணைக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, 2019இல் மகளுக்காக வாங்கிய மடிக்கணினி. கோர் ஐ3 எட்டாம் தலைமுறை, 8130யு, 4 ஜிபி ராம், இதிலும் 1 டிபி வன்தட்டுதான். பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்துவிட்டு வந்தால்தான் பயன்படுத்தும் நிலைக்கு வருகிறது. மகளுக்கு ஏப்ரல் மாதம் பருவத் தேர்வு. திட்டப் பணி அறிக்கையையும் இதிலேயேதான் தயாரித்துக்கொண்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்திருந்த என் தம்பி, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால் இரண்டையும் உடனே 11க்கு மாற்றியாக வேண்டும் என்கிறான். இங்குள்ள கடையில் விசாரித்தபோது, இரண்டுமே இனி உதவாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். தந்தையோ, "ஓடுகிற வண்டியை நிறுத்தி ஏன் சக்கரத்தைக் கழற்றுகிறீர்கள்?" என்று கேட்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்பதைவிட, என் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மதர்போர்டு மருத்துவர் | 18 ஜனவரி 2026

வணக்கம் ஐயா. கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் தந்தையார் சொன்னதில் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

முதலில், என்ன நின்றுபோனது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10க்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை முடித்துக்கொண்டது. கணினி இயங்குவது இதனால் நின்றுவிடாது; உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் எங்கும் போய்விடா. நின்றது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை மாதந்தோறும் அடைத்துவந்த வேலை மட்டுமே. அது சிறிய விஷயமன்று. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளிவந்திருந்தது. அதை நிறுவிக்கொள்ளாத கணினிகள்தாம் பெருமளவில் மாட்டிக்கொண்டன. ஆகவே உங்கள் தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் "உடனே 11" என்பது அதற்கான ஒரே மருந்து அன்று.

வீட்டுக் கணினிகளுக்காக நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். 30 டாலர் கட்டியும் சேரலாம்; அந்நிறுவனத்தின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுத்தும் சேரலாம்; கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணமே கட்டாமலும் சேரலாம். கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன திருத்தங்கள் அனைத்தும் வந்துவிடும் என்பதால், மூன்று மாதம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். அதற்காக இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இனி, கணினி ஒவ்வொன்றாக. விண்டோஸ் 11க்கு 64 பிட் செயலி (பிராசசர்), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 ஆகியவை வேண்டும். இவற்றைவிடப் பெரிய தடை செயலிப் பட்டியல்தான். இன்டெல்லில், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆக, உங்கள் டெஸ்க்டாப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. மடிக்கணினி உள்ளே நிற்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது தவறு.

மடிக்கணினி நீங்கள் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வைப்பதற்குக் காரணம் விண்டோஸ் 10 அன்று; அந்தச் சுழலும் வன்தட்டு. இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. விண்டோஸ் 11ஐ அந்த வன்தட்டிலேயே, 4 ஜிபி ராமோடு ஏற்றினால், நிறுவனம் சொன்ன குறைந்தபட்சத் தகுதிக்குள் இருப்பதால் ஏறிவிடும். ஆனால் அதன்பின் காபியோடு சிற்றுண்டியையும் முடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். எனவே முதலில் 500 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு), ராமை 8 ஜிபி ஆக்க ஒரு 4 ஜிபி கார்டும் வாங்குங்கள். சில மாதங்களாக ராம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய வன்தட்டில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, அதை மடிக்கணினியில் பொருத்திய பிறகு, விண்டோஸ் 11க்கு மாறுங்கள். மாறியது பிடிக்கவில்லையென்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தருவது 10 நாள் மட்டுமே. ஆனால் பழைய வன்தட்டு கை படாமல் பீரோவில் இருக்கும்போது, அதைத் திரும்ப மாட்டினால் அன்றிருந்த கணினி அப்படியே எழுந்து நிற்கும். என்னிடம் வரும் எந்தக் கணினியையும், திரும்பும் வழி இப்படி ஒன்று இல்லாமல் நான் தொடுவதில்லை.

மாற்றும் நாளை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆறு ஆண்டான பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பதிவிறக்கம் சில ஜிபி ஆகும்; கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முடிந்து பாதியில் நிற்கும்படி விடாதீர்கள்.


ஆறாம்தலைமுறை | 19 ஜனவரி 2026

நண்பர் மதர்போர்டு மருத்துவர் அவர்கள் டெஸ்க்டாப்பைப் பட்டியலுக்கு வெளியே என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதால் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பதும் ஆறாம் தலைமுறைதான். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவ் தயாரித்து, செயலிச் சோதனையையும் டிபிஎம் சோதனையையும் தவிர்த்து, 2023இலிருந்து விண்டோஸ் 11ஐப் பயன்படுத்தி வருகிறேன். மாதாந்திரப் புதுப்பிப்புகள் இன்றுவரை தவறாமல் வருகின்றன. எஸ்எஸ்டி இருப்பதால் வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு இதுபோன்ற கணினிகளுக்குத் தானாக வருவதில்லை. 24எச்2 வந்தபோது மீண்டும் பென்டிரைவ் தயாரித்து நானேதான் ஏற்றினேன். இன்னும் பழைய கணினி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: கோர் 2 டுயோ காலத்துச் செயலிகளில் 24எச்2 தொடங்கவே தொடங்காது, ஏனென்றால் அந்தப் பதிப்புக்குத் தேவையான சில கட்டளைகள் அச்செயலிகளில் இல்லை. அங்கே எந்தக் குறுக்குவழியும் செல்லாது. ஆறாம் தலைமுறைக்கு அந்தச் சிக்கல் கிடையாது.


மதர்போர்டு மருத்துவர் | 19 ஜனவரி 2026

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நானும் என் கடைக் கணினி ஒன்றில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது என் கணினி. பழுதானால் என் கையிலேயே சரியாகும். தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு பெறும் உரிமை கிடையாது என்று நிறுவனம் எழுதியே வைத்திருக்கிறது; இதுவரை வந்துகொண்டிருப்பது அவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பதால்தான். மேலும், செயலிப் பட்டியலில் கோடு கிழித்ததற்குப் பின்னால் வியாபாரம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி வேகம் குறையாமல் இயங்கத் தேவையான வன்பொருள் ஆதரவு, இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வருகிறது. ஆறாவதில் அதை மென்பொருளாலேயே ஒப்பேற்ற வேண்டியிருப்பதால் கணினி மந்தமாகும். அப்படியானால் ஏழாம் தலைமுறையைப் பெரும்பாலும் ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

எழுபது வயதைக் கடந்த ஒருவர் திருவிழா மலர் தயாரிக்கும் கணினியில், ஆண்டுக்கு ஒருமுறை மகன் வந்து பென்டிரைவ் போட வேண்டிய ஏற்பாட்டை நான் செய்யமாட்டேன்.


கணக்குப்பிள்ளை | 20 ஜனவரி 2026

வணக்கம். நான் வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருபவள். கணினித் தொழில்நுட்பத்தில் மேலே எழுதியவர்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் இந்த மாற்றத்தில் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. மயிலாடுதுறைக்கார ஐயாவுக்கும் அது விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மடிக்கணினியைக் கடை ஒன்றில் கொடுத்து, முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் 11 ஏற்றித் தரச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் தந்துவிட்டார்கள், அழகாக ஓடியது. நான்கு மாதம் கழித்து, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் புதுப்பிப்பு ஒன்று நடந்து முடிந்ததும், நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றது. அப்படி ஓர் எண் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விசாரித்தபோது தெரிய வந்தது இதுதான்: விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், வட்டில் உள்ளவை முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுப் பூட்டப்பட்டுவிடுகின்றன, அதைத் திறக்கும் மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. அந்தக் கணக்கோ என்னுடையது அன்று. நிறுவும்போது மின்னஞ்சல் கேட்டதும், கடையில் வேலை பார்த்த பையன் தன் மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவியிருக்கிறான். அவன் அதற்குள் வேலையை விட்டு வேறூர் போயிருந்தான். அவன் கைப்பேசி எண்ணைக் கண்டுபிடித்து, அவன் கடவுச்சொல்லை நினைவுக்குக் கொண்டுவந்து, 48 இலக்கங்களையும் தொலைபேசியிலேயே வாசிக்கக் கேட்டு எழுதிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. கிடைக்காமல் போயிருந்தால், வாடிக்கையாளர்களின் கோப்புகள் அனைத்தும் வட்டிலேயே இருந்தும் இல்லாமல் போயிருக்கும்.

ஆகவே, எந்தக் கணினியை மாற்றினாலும், புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கை உங்கள் வீட்டாரின் பெயரிலேயே, உங்கள் கைப்பேசி எண்ணோடு தொடங்குங்கள். வட்டுப் பூட்டு இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்து, இயங்கினால் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணினிக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: இயங்குதளத்தை மார்ச் மாதத்தில் மாற்றாதீர்கள். டோக்கனுக்கான டிரைவரைத் திரும்ப நிறுவி, அது தளத்தில் ஏற்கப்படுகிறதா என்று சோதித்துப் பார்க்க அந்த மாதத்தில் யாருக்கும் பொழுது இருக்காது.


எழுத்துருப் பித்தன் | 21 ஜனவரி 2026

எல்லோரும் செயலியைப் பற்றியும் வட்டைப் பற்றியும் பேசிவிட்டார்கள். தலைமையாசிரியர் ஐயாவின் பதினைந்து ஆண்டு உழைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது.

பாமினியில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பில் உண்மையில் தமிழே இல்லை. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த ஒரு குவியல். அந்த எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் எழுத்துருக் கோப்பு இருந்தால்தான் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துரு போய்விட்டால், மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகி நிற்கும். ஆகவே ஐயாவின் ஆவணங்களைப் பேக்கப் எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதாது. விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றிலிருந்து, ஒரு பயனர் தனக்கு மட்டும் நிறுவிக்கொள்ளும் எழுத்துருக்கள் அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள், கண்ணுக்கு மறைவாக இருக்கும் ஆப்டேட்டா என்ற இடத்தில் போய் அமர்கின்றன. இரண்டு இடங்களையும் பாருங்கள்.

பாமினி விண்டோஸ் 11இலும் நிறுவப்பட்டால் வேலை செய்யும், அதில் ஐயமில்லை. லதா, விஜயா என்ற பழைய எழுத்துருக்கள் வேண்டுமென்றால், விண்டோஸ் 10இலிருந்தே அவை விருப்பத் தேர்வு வசதிகளின் பட்டியலில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற பெயரில் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன, அங்கிருந்து சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸுடன் கூடவே வரும் நிர்மலா யூஐ எழுத்துரு திரையில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, மலர் அச்சிட எனக்குப் பிடிக்காது.

பேஜ்மேக்கர்தான் உண்மையான முடிச்சு. அடோபி நிறுவனம் 2004இலேயே அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை அது அறியாத மென்பொருள். நம் ஊர் அச்சகங்களில் பாமினி வகை எழுத்துருக்கள் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வழக்கமாக இது போன்ற பழைய டெஸ்க்டாப் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றச் சொல்லும் முதல் ஆள் நான்தான்: 2029 ஏப்ரல் வரை ஆதரவுள்ள 22ஆம் பதிப்பு இலவசம், நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. லிப்ரே ஆஃபிஸால் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கவும் முடியும். ஆனால் திறக்க முடியும் என்பதும், பக்க அமைப்பு குலையாமல் வரும் என்பதும் வேறு வேறு. நான்கு பத்தியும், ஓரத்தில் கோபுரப் படமும், நடுவில் நன்கொடையாளர் பட்டியலுமாக அமைத்த ஒரு பக்கம் அங்கே எப்படி வந்து விழும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். லினக்ஸ்காரனாகிய நானே சொல்கிறேன், ஐயாவின் கணினியில் விண்டோஸ் இருக்கட்டும்.

அக்டோபர் வரை கிடைக்கும் அவகாசத்தை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். பழைய கோப்புகளில் உள்ள உரையை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றும்போது, பாமினிப் பத்திக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும். உண்மையான நிறுத்தக்குறிகள் சில எழுத்துகளாகிவிடும். எனவே மாற்றியதை ஒருவர் வரிக்கு வரி படித்துத் திருத்தியாக வேண்டும். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்கள்?


மயிலாடுதுறைக்காரன் | 8 பிப்ரவரி 2026

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும், எழுதியவற்றைப் படிப்படியாகச் செய்து பார்த்துவிட்டே திரும்ப எழுதுகிறேன்.

மடிக்கணினிக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியும் 4 ஜிபி ராமும் வாங்கி, வட்டை நகலெடுத்துப் பொருத்தினோம். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே அது அரை நிமிடத்தில் எழுந்துவிட்டதைப் பார்த்து, இவ்வளவு காலமும் விண்டோஸைத் திட்டியதற்காக வருந்தினேன். அதன் பின் மைக்ரோசாஃப்ட் தரும் தகுதிச் சோதனை மென்பொருளை ஓட்டியபோது, டிபிஎம் இல்லை என்று வந்து வயிற்றைக் கலக்கியது. பயாஸுக்குள் சென்று பார்த்தால், இன்டெல் பிடிடி என்ற பெயரில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இயக்கியதும் தகுதி உண்டு என்று வந்துவிட்டது. இந்தப் பெயர் வேறுபாட்டை அறியாமல் எத்தனை பேர் தங்கள் கணினி உதவாது என்று முடிவு கட்டியிருப்பார்களோ தெரியவில்லை. சென்ற சனிக்கிழமை விண்டோஸ் 11க்கு மாறினோம்; ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. மகளின் கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொடக்கப் பொத்தான் திரையின் நடுவே வந்துவிட்டதை மட்டும் அவள் அன்றே இடப்பக்கம் தள்ளிவிட்டாள். கணக்குப்பிள்ளை அம்மா சொன்னபடி வட்டுப் பூட்டையும் பார்த்தோம், இயங்கவில்லை. இருந்தாலும் கணக்கு மகள் பெயரில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டோம்.

டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10ஐயே வைத்திருக்கிறோம். தந்தை பெயரில் கணக்குத் தொடங்கி, நீட்டிப்புத் திட்டத்தில் பணம் கட்டாமல் சேர்த்துவிட்டேன். கடவுச்சொல்லை அவர் தம் வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடியில் தேதியிட்டுக் கையொப்பமும் இட்டிருக்கிறார். எழுத்துருக்களைத் தேடியபோது, பாமினி தவிர வேறு இரண்டு பழைய எழுத்துருக்களையும் அவர் பயன்படுத்தியிருப்பது தெரிந்தது. அவற்றுள் ஒன்று, எழுத்துருப் பித்தன் குறிப்பிட்ட அந்த மறைவான இடத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெளிவட்டு ஒன்றில் இரண்டு நகல்களாக எடுத்தாயிற்று. 2011ஆம் ஆண்டு மலரை யூனிகோடுக்கு மாற்றி அச்சிட்டுக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே பதினான்கு பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். அவற்றுள் ஐந்து மாற்றியின் பிழைகள். மீதி ஒன்பதும் அன்று அச்சானபோதே இருந்தவை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. மடிக்கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டை அழித்து, திரைப்படங்கள் சேமிக்கத் தரும்படி மகன் கேட்கிறான், தரலாமா? அக்டோபருக்குப் பிறகு டெஸ்க்டாப்பை என்ன செய்வது?


மதர்போர்டு மருத்துவர் | 8 பிப்ரவரி 2026

மகளின் ஏப்ரல் தேர்வு முடிந்து, திட்டப் பணி அறிக்கை கல்லூரியில் ஒப்படைக்கப்படும் வரை அந்த வன்தட்டைக் கொடுக்காதீர்கள். 10 நாள் கெடு இந்த வாரம் முடிந்துவிடும். அதன் பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்த வட்டுதான். ஒரு தாளில் "பிப்ரவரி 2026, மடிக்கணினி, விண்டோஸ் 10" என்று எழுதி ஒட்டி, மகன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் அவள் எழுதும் அறிக்கை அதில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அதை வாரம் ஒருமுறை பென்டிரைவில் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

டெஸ்க்டாப்பைப் பற்றி ஆகஸ்டு மாதத்தில் வந்து கேளுங்கள். அதற்குள் ஐயா எத்தனை மலர்களை யூனிகோடுக்கு மாற்றி முடித்திருக்கிறார், பேஜ்மேக்கரை இன்னும் எதற்கெல்லாம் திறக்கிறார் என்பது தெரிந்துவிடும். அழைப்பிதழும் மலரும் அச்சிட மட்டும்தான் என்றால், இணைய வயரைக் கழற்றிவிட்டு அதே கணினியில் விண்டோஸ் 10ஓடு அவர் தொடரலாம். ராம் விலை அதற்குள் இறங்கியிருந்தால் வேறு விதமாகவும் யோசிக்கலாம்.